சரக்கு யார் பெயரில் நிற்கிறது?

வரி என்றாலே நம்மூர் வியாபாரிகள் முதலில் கேட்பது "எத்தனை பர்சென்ட்?" என்றுதான். விளக்குத்தூண் ஜவுளிக்கடையிலும் அதே கேள்விதான், கப்பலூர் சிட்கோவிலும் அதே கேள்விதான். இப்போது வெளிநாட்டுக்கு ஆன்லைனில் விற்கிற சின்ன வியாபாரிகளும் அதையே கேட்கிறார்கள்: "அமெரிக்காவுல சேல்ஸ் டாக்ஸ் எத்தனை பர்சென்ட் சார்?" விகிதத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். விற்பனை நடக்கிற நேரத்தில் சரக்கு எந்த ஊரில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சொந்தமாகத் தொழிற்சாலை இல்லாமல், இன்னொருவரிடம் ஒப்பந்தத்துக்குச் செய்து வாங்கி விற்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஏனென்றால் அவர்களில் பெரும்பாலானோர் "செய்கிறது அவங்க, நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறார்கள்.

மதுரையில் ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பது என் தொழில். அமெரிக்க விற்பனை வரி என் மேசைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு அமெரிக்காவில் சுங்க வரி கிடையாது என்ற சலுகை பல ஆண்டுகளாக இருந்தது. முனிச்சாலையிலிருந்து ஒரு சுங்குடிச் சேலை, செல்லூரிலிருந்து நாலு துண்டு என்று பார்சல் போட்டால் போதும், வாங்கியவர் வீட்டு வாசலுக்கே போய்விடும். 2025 ஆகஸ்ட் 29 அன்று அந்தச் சலுகை எல்லா நாட்டுக்கும் நின்றுபோனது. அதற்கு நாலு நாள் முன்பே, கடிதமும் ஆவணமும் 100 டாலர் வரையிலான பரிசுப்பொருளும் தவிர மற்ற அமெரிக்கப் பார்சல்களை வாங்குவதை இந்திய அஞ்சல் துறை நிறுத்தி வைத்தது. அக்டோபரில் தபால் மறுபடி ஓட ஆரம்பித்தாலும் பழைய விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சுங்குடியை அங்கே செய்ய முடியாது. ஆனால் அச்சடித்த டீ-ஷர்ட்டையும் துணிப்பையையும் அங்கேயே செய்யலாம். எனக்குத் தெரிந்த சிலர் அப்படித்தான் மாறினார்கள். டிசைனும் இணையக் கடையும் மதுரையில் இருக்கும். அச்சு, பேக்கிங், அனுப்புவது எல்லாம் அமெரிக்காவில் ஒரு ஒப்பந்தக்காரர் கையில்.

திருநகரில் ஒரு பெண் அப்படி விற்கிறார். தமிழ் எழுத்துகளை வைத்து அழகாக வடிவமைப்பார். நியூ ஜெர்சியில் ஒரு அச்சகத்தோடு பேசி முடித்து, ஒப்பந்த வரைவை எடுத்துக்கொண்டு வந்தார். "அங்க நமக்கு ஆபீசும் இல்ல, ஆளும் இல்ல. மிஷினு அவங்களோடது. அப்புறம் நமக்கு எப்படி சார் அங்க வரி வரும்?" என்று கேட்டார்.

வரைவில் ஒரு வரி இருந்தது. அச்சடிக்காத வெற்று டீ-ஷர்ட்டுகளையும் பைகளையும் இவர் மொத்தமாக முன்பணம் கொடுத்து வாங்கி அச்சகத்தின் கிடங்கிலேயே வைத்துவிட வேண்டும், ஆர்டர் வரவர அதில் அச்சடித்து அனுப்புவார்கள் என்று. மொத்தமாக வாங்கினால் உருப்படிக்கு விலை குறையும், அதனால்தான் அந்த ஏற்பாடு. நான் அவரிடம் சொன்னது இதுதான்: புதுமண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து தைத்தார்களே, இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்களே, அவர்களிடம் நீங்கள் துணி எடுத்துக் கொடுத்தால் அந்தத் துணி யாருடையது? தையல் மெஷின் அவருடையது, கடை அவருடையது, ஆனால் துணி உங்களுடையது. நியூ ஜெர்சியிலும் அப்படித்தான். கிடங்கு அச்சகத்துடையதாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சட்டை உங்கள் பெயரில் இருந்தால், அந்த மாநிலத்தில் உங்களுக்குச் சொத்து இருக்கிறது என்று அர்த்தம். சொத்து இருந்தால் அந்த மாநிலத்தோடு வரித் தொடர்பு உண்டாகிவிடும். அங்கே இதை நெக்சஸ் என்கிறார்கள். இந்த வகைத் தொடர்புக்கு விற்பனை வரம்பு எதுவும் கிடையாது. முதல் உருப்படி விற்றாலே பதிவு செய்ய வேண்டியதுதான்.

மூலப்பொருள் மட்டுமில்லை. உங்கள் காசில் செய்து கொடுத்த மோல்டு, டை, அச்சு ஃபிரேம் எல்லாம் ஒப்பந்தத் தொழிற்சாலையில் உங்கள் சொத்தாகவே கிடக்கும். யாரும் யோசிக்காத இன்னொன்று, திரும்பி வருகிற சரக்கு. சைஸ் சரியில்லை என்று வாடிக்கையாளர் அனுப்பிய சட்டை அச்சகத்துக்கே போய், அலமாரியில் உங்கள் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அதுவும் ஸ்டாக்தான்.

நான் சொன்ன மாற்றம் சிறியது. வெற்றுச் சரக்கு அச்சகத்தின் சொந்தச் சரக்காகவே இருக்கட்டும். அச்சடித்து முடித்து, கூரியரிடம் கொடுக்கிற நேரத்தில் அவர்கள் உங்களுக்கு விற்கட்டும், நீங்கள் வாடிக்கையாளருக்கு விற்றதாக ஆகட்டும். திரும்பி வருகிற உருப்படியை அவர்களே எடுத்துக்கொள்ளலாம், அல்லது தானமாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வரி சேருங்கள். உருப்படிக்கு விலை கொஞ்சம் கூடும், கூடட்டும். விற்பனையே இல்லாத காலாண்டிலும் அங்கே ரிட்டன் போட வேண்டும், அதற்கு ஓர் ஆள் வைக்க வேண்டும். மொத்தக் கொள்முதலில் மிச்சமாகிற பணத்தை அந்தச் செலவு விழுங்கிவிடும்.

சரி, சரக்கு அங்கே உங்கள் பெயரில் இல்லை என்றால் வரிப் பொறுப்பு முழுக்கப் போய்விட்டதா? 2018 வரை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. கடையோ ஆளோ சரக்கோ இல்லாத மாநிலம் வெளியூர் விற்பனையாளரை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது, 1992இல் குவில் வழக்கில் அதையே உறுதி செய்தது. 2018 ஜூன் 21 அன்று சவுத் டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்புகளை மாற்றியது. அன்றிலிருந்து விற்பனை அளவு ஒன்றை வைத்தே ஒரு மாநிலம் உங்களைப் பதிவு செய்யச் சொல்லலாம். விற்பனையாளர் உள்நாட்டுக்காரரா வெளிநாட்டுக்காரரா என்று அந்தச் சட்டங்கள் பார்ப்பதில்லை.

பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு ஆண்டுக்கு 1,00,000 டாலர். இன்றைய மாற்று மதிப்பில் 80 லட்சம் ரூபாய்க்கு மேல். கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் 5,00,000 டாலர். நியூயார்க்கில் 5,00,000 டாலரோடு 100 விற்பனைகளையும் தாண்ட வேண்டும். இந்த எண்ணிக்கை விஷயத்தில் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சவுத் டகோட்டா முதலில் 1,00,000 டாலர் அல்லது 200 விற்பனை என்றுதான் வைத்தது, 2023 ஜூலையில் அந்த 200-ஐ எடுத்துவிட்டது. வேறு பல மாநிலங்களும் எடுத்துவிட்டன, ஆனால் எல்லாமும் எடுக்கவில்லை. 15 டாலர் சட்டை விற்கிறவருக்கு 200 விற்பனை என்பது வெறும் 3,000 டாலர்தான். தொகையைப் பார்த்து "நாம அம்புட்டு பெரிய ஆள் இல்லையே" என்று நிம்மதியாக இருப்பவர் எண்ணிக்கையில் மாட்டிக்கொள்வார். மாநிலவாரியாக ஒரு எக்செல் தாளில் தொகை, எண்ணிக்கை இரண்டையும் முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள். அங்கே மத்திய அரசின் விற்பனை வரி என்று ஒன்று கிடையாது. 45 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் தனித்தனியாகப் போடுகின்றன. அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகான் ஐந்திலும் மாநில அளவில் இல்லை, ஆனால் அலாஸ்காவில் உள்ளூர் அமைப்புகள் போடலாம்.

டெலவேர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். "டெலவேர்ல ஒரு எல்எல்சி (அமெரிக்காவில் சின்னதாகத் தொடங்குகிற ஒரு வகைக் கம்பெனி) ஆரம்பிச்சிட்டா சேல்ஸ் டாக்ஸே இல்ல" என்று யூடியூபில் சொல்கிறார்கள் என்று இளைஞர்கள் வந்து நிற்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. கம்பெனி எங்கே பதிவானது என்பதற்கும் விற்பனை வரிக்கும் சம்பந்தமே இல்லை. வெளியூர் விற்பனையாளருக்குப் பொருள் போய்ச் சேருகிற ஊரின் வரிதான் கணக்கு. டெலவேர் எல்எல்சி நியூயார்க் நகரத்துக்குப் பை விற்றால் 8.875 சதவீதம், நியூ ஜெர்சிக்கு விற்றால் 6.625 சதவீதம். அதோடு, வெளிநாட்டவர் ஒருவருக்கே சொந்தமான எல்எல்சி ஆண்டுதோறும் 5472 என்ற படிவத்தைத் தாக்கல் செய்யத் தவறினால் அபராதம் 25,000 டாலர். வரி மிச்சம் என்று சொல்லி ஆரம்பித்துக் கொடுக்கிறவர்கள் இந்தப் படிவத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. வருமானமே இல்லாத ஒரு பையன் தலையில் 20 லட்சம் ரூபாய் சுமையை ஏற்றுகிற காரியம் இது.

"இந்தியா அமெரிக்கா ரெண்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கே" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அது வருமான வரிக்கான ஒப்பந்தம், அதுவும் அமெரிக்க மத்திய அரசின் வருமான வரிக்கு. அங்கே நிரந்தர நிறுவனம், அதாவது அலுவலகம் போல நிலையான தொழிலிடம், இல்லை என்று நிரூபித்து மத்திய வருமான வரியிலிருந்து தப்பலாம். மாநில விற்பனை வரிக்கு அது கவசம் ஆகாது.

எந்தப் பொருளுக்கு வரி என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மினசோட்டா மூன்றிலும் சாதாரண உடைகளுக்கு வரி கிடையாது. நியூயார்க் மாநில வரியில் 110 டாலருக்குக் குறைந்த உடைக்கு விலக்கு, மாசசூசெட்ஸில் 175 டாலர் வரை. திருநகர்ப் பெண்ணின் டீ-ஷர்ட் அந்த வகையில் தப்பித்துவிடும். துணிப்பை உடை ஆகாது, அதற்கு வரி உண்டு. ஒரே பார்சலில் சட்டையும் பையும் போனால் பில்லில் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

அப்புறம் அச்சகம் கேட்ட ஒரு காகிதம், மறுவிற்பனைச் சான்று. அச்சகம் இவருக்கு விற்கிறது, இவர் வாடிக்கையாளருக்கு விற்கிறார். ஆனால் சரக்கு அச்சகத்திலிருந்து நேராக வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறது. சட்டத்தின் கண்ணில் இது இரண்டு விற்பனை. முதல் விற்பனை மறுவிற்பனைக்காக என்று சான்று கொடுத்தால் அச்சகம் இவரிடம் வரி வாங்காது. கொடுக்காவிட்டால் பில்லில் வரியைச் சேர்த்துவிடும், அது திரும்ப வராது. நம் ஜிஎஸ்டியில் இருப்பதுபோல் உள்ளீட்டு வரி வரவு அங்கே இல்லை. இதை நம்மூர்க்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் கொள்முதலில் கட்டிய வரியை எடுத்துக்கொள்ளலாம் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம்.

சான்று வாங்குவதிலும் மாநிலங்கள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் வேறு மாநிலத்துப் பதிவெண் போதும், சிலவற்றில் அந்த மாநிலத்திலேயே பதிவு வேண்டும். கலிபோர்னியா கடுமையானது. கலிபோர்னியாவில் பதிவில்லாத விற்பனையாளருக்காக அங்கே பதிவான உற்பத்தியாளர் அந்த மாநில வாடிக்கையாளருக்குச் சரக்கு அனுப்பினால், உற்பத்தியாளரையே சில்லறை விற்பனையாளராகக் கருதி வரி கேட்கும். தான் விற்ற விலையோடு 10 சதவீதம் கூட்டிக் கணக்கிட அவருக்கு அனுமதி உண்டு. அந்த வரியை அவர் சும்மா கட்ட மாட்டார், உங்கள் பில்லில் ஏற்றுவார். எனவே ஒப்பந்தக்காரர் எந்தெந்த மாநிலத்தில் பதிவானவர் என்பதை விலை பேசுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அமேசான், எட்சி போன்ற தளங்கள் வழியாக மட்டும் விற்கிறவருக்குச் சுமை குறைவு. விற்பனை வரி உள்ள எல்லா மாநிலங்களிலும் இப்போது தளமே வசூலித்துக் கட்டிவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அங்கே கிடங்கில் சரக்கு வைத்திருந்தால் சில மாநிலங்கள் அப்போதும் பதிவு கேட்கும். சொந்த இணையக் கடையில் விற்றால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. கடைக்கான மென்பொருள் வரியைக் கணக்கிட்டுக் காட்டும், ஆனால் அந்த மாநிலத்தில் பதிவெண் வாங்காமல் வாடிக்கையாளரிடம் வரி வசூலிப்பது சட்டவிரோதம். முதலில் பதிவு, பிறகுதான் வசூல். பதிவுக்குப் பெரும்பாலும் இஐஎன் என்ற அமெரிக்க வரி அடையாள எண் கேட்பார்கள். அங்கே சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத வெளிநாட்டவரும் எஸ்எஸ்-4 படிவம் மூலம் அதை இலவசமாகவே வாங்கலாம். இதற்குப் பணம் கேட்கிற ஏஜென்டுகளிடம் ஏமாற வேண்டாம்.

இந்தப் பக்கம், நம் ஜிஎஸ்டி என்ன சொல்கிறது? அமெரிக்காவில் வாங்கி அமெரிக்காவிலேயே விற்கிற சரக்கு இந்தியாவுக்குள் வரவே இல்லை. சிஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 7ஆவது இனமாக இது இருக்கிறது, 2019 பிப்ரவரி 1 முதல் அமலில் உள்ளது. ஜிஎஸ்டி கிடையாது. ஏற்றுமதி என்று ரிட்டனில் காட்டுவதும் தவறு. ஆனால் வங்கி இதை மெர்ச்சன்டிங் டிரேடாக, அதாவது வெளிநாட்டில் வாங்கி வெளிநாட்டிலேயே விற்கிற வியாபாரமாக, பார்க்கும். வாங்கிய பணமும் விற்ற பணமும் ஒரே வங்கி வழியாக, 9 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கிளையில் முன்கூட்டியே பேசி வையுங்கள். லாபத்துக்கு இந்தியாவில் வருமான வரி உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம்.

இதே கேள்வி எதிர்த்திசையிலும் வருகிறது. அது நம்மூர்த் தையல் யூனிட்டுகளை நேராகப் பாதிக்கிறது என்பதால் அதையும் எழுதுகிறேன். சிங்கப்பூரில் இருக்கிற ஒருவர் தன் பிராண்டுக்கு மதுரையில் சட்டை தைக்கக் கொடுக்கிறார் என்று வையுங்கள். துணியை அவரே இங்கே வாங்கி, தன் பெயரில் பில் போட்டு, யூனிட்டுக்குக் கொடுக்கிறார். யூனிட்காரர் தையல் கூலிக்கு டாலரில் பில் போடுகிறார். "டாலர்ல வருதுல்ல, ஏற்றுமதிதானண்ணே" என்று கேட்கிறார்கள். இல்லை. துணி இந்தியாவில் இருக்கும்போது அதன் மேல் செய்கிற வேலைக்கு, வேலை நடந்த இடமே வழங்கும் இடம் (வரிக்குக் கணக்கில் எடுக்கிற இடம்) என்று ஐஜிஎஸ்டி சட்டத்தின் 13(3) பிரிவு சொல்கிறது. வேலை நடந்தது மதுரை, எனவே கூலிக்கு ஜிஎஸ்டி உண்டு. அதே யூனிட்காரர் துணியைத் தானே வாங்கி, தைத்து, தன் சரக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பினால் அது சரக்கு ஏற்றுமதி. எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரியில்லாமல் அனுப்பலாம், உள்ளீட்டு வரியையும் திரும்பக் கேட்கலாம். அதே துணி, அதே தையல், அதே வாங்குபவர். துணி யார் பெயரில் வாங்கப்பட்டது என்ற ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

அந்தச் சிங்கப்பூர்க்காரரே சட்டையை மதுரையிலிருந்து நேராகச் சென்னைக்கும் கோவைக்கும் ஆன்லைனில் விற்க ஆசைப்பட்டால், நம்மூர்க்காரருக்கு மாநிலத்துக்குள் விற்பனையில் இருக்கிற 40 லட்சம் வரம்பு அவருக்குக் கிடையாது. வெளிநாட்டில் வசிக்கும் வரி செலுத்துபவர் என்ற பிரிவில், விற்பனை தொடங்க 5 நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். கட்ட வேண்டிய வரியை மதிப்பிட்டு முன்கூட்டியே செலுத்த வேண்டும். பதிவு 90 நாள் செல்லும், இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். தைத்த உடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். தொடர்ந்து விற்கப் போகிறவருக்கு இந்த 90 நாள் பதிவு ஒத்துவராது, இங்கே ஒரு கம்பெனி தொடங்குவதே சரி. இந்தியாவில் ஒப்பந்த முறையில் செய்த தன் பொருளை அப்படிப்பட்ட கம்பெனி ஆன்லைனிலும் விற்கலாம் என்று 2019 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அன்னிய முதலீட்டு அறிவிப்பு தெளிவுபடுத்தியிருக்கிறது.

இங்கிலாந்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அங்கே நம்மைப் போன்ற வெளிநாட்டு விற்பனையாளருக்கு, உள்நாட்டவருக்கு இருக்கிற 90,000 பவுண்ட் வரம்பு பொருந்தாது. அங்கே கிடங்கில் நிற்கிற உங்கள் சரக்கைச் சொந்தக் கடையில் விற்றால் முதல் விற்பனையிலிருந்தே வாட்.

ஏற்கெனவே சில ஆண்டுகளாக அமெரிக்காவில் ஒப்பந்தக்காரரிடம் தன் பெயரில் ஸ்டாக் வைத்து விற்றவர்களும் இதைப் படிக்கலாம். ரிட்டனே போடாத காலத்துக்கு அங்கே பொதுவாகக் காலக்கெடு ஓடாது, எத்தனை ஆண்டு கழித்தும் கேட்கலாம். ஆனால் நாமாகவே முன்வந்து சொல்வதற்குத் தன்னார்வ வெளிப்படுத்தல் ஒப்பந்தம் என்ற வழியைப் பெரும்பாலான மாநிலங்கள் வைத்திருக்கின்றன. பொதுவாகக் கடைசி 3, 4 ஆண்டு வரியையும் வட்டியையும் மட்டும் வாங்கிக்கொண்டு அபராதத்தை விட்டுவிடுவார்கள். பல மாநிலங்களில் பாக்கி இருந்தால் மாநிலங்கள் சேர்ந்து நடத்துகிற மல்டிஸ்டேட் டாக்ஸ் கமிஷன் மூலம் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம், பெயரைச் சொல்லாமலே பேச்சைத் தொடங்கலாம். மாநிலத்திலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வந்துவிட்டால் அந்த மாநிலத்தில் இந்த வழி அடைபட்டுவிடும். எனவே இந்த வாரமே ஒப்பந்தத்தை எடுத்து, சரக்கு யாருடையது என்று எழுதியிருக்கிற பகுதியைப் படியுங்கள். ஒப்பந்தக்காரரிடம் மாநிலவாரி ஸ்டாக் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதையும் விற்பனைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள்.